ஒரு இணுக்கு முடி

அந்தக் கோடை விடுமுறையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை தலைமுடி வளர்த்ததுதான். உண்மையில் அது பனி உருகிய நாட்களிலேயே தொடங்கிவிட்டது. செப்டெம்பரில் ஏழாம் வகுப்புக்காகப் புதிய பள்ளிக்கூடம் போகவேண்டும். பழைய பள்ளிக்கூடத்தில் நான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தேங்காயெண்ணெய் பூசிய தலையோடு குளிருக்குள் நடந்து வந்து, வகுப்பின் சூட்டில் அந்த எண்ணெய் கழுத்தால் வடிய இருந்தவன். ஆங்கிலம் வராமல் ஒரு வருடம் முழுக்கத் தலையை மட்டும் ஆட்டியவன். புதிய இடத்தில் இந்தச் சரித்திரம் ஒருவருக்கும் தெரியாது. நான் வேறு ஆளாகப் போய் இறங்கலாம்.

அந்த வருடங்களில் பெடியன்கள் எல்லோரும் நடுவகிடு எடுத்து, முன்முடியை இரண்டு பக்கமும் யன்னல் சீலை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஓகஸ்ட் பிறந்தபோது என் முன்முடியை இழுத்தால் மூக்கைத் தொட்டது. வோபர்னில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் லிஃப்டில் ஒரு கண்ணாடி இருந்தது. அதற்காகவே நான் காரணமில்லாமல் மேலும் கீழும் போய் வந்தேன். வகிடு நேராக விழுந்த நாட்களில் எனக்குக் கனடா பிடித்திருந்தது.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"நல்லா வளரட்டும். இந்த முறை தேருக்கு எப்பிடியும் மொட்டையடிச்சு நேர்த்தியை முடிக்கவேணும்."

அந்த நேர்த்தியை நான் மறந்தே போயிருந்தேன்.

நேர்த்தியின் கதை இதுதான். அப்பா எங்களுக்கு முதலே நாட்டை விட்டு வெளிக்கிட்டவர். ஏஜென்சிக்காரன் அவரை ஏதோ ஒரு நாட்டில் இறக்கிவிட்டு மறைந்துபோனான். பிறகு மாதக்கணக்கில் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. அம்மா பிள்ளையாரின் முன்னால் விழுந்து, அவர் உயிரோடு கனடா போய்ச் சேர்ந்தால் தகப்பனும் மகனும் மொட்டையடித்து உன் வாசலில் நிற்பார்கள் என்று நேர்ந்தார். அப்பா போய்ச் சேர்ந்தார். எங்களையும் கூப்பிட்டார். அதன் பிறகு ஒரு வருடம் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, இன்னொரு வருடம் எனக்கு அம்மை போட்டது, அப்படியே நேர்த்தி கிடப்பில் கிடந்தது. அந்தக் கோடையில் அப்பா வேலையிடத்தில் கொதியெண்ணெய் பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். காயம் சின்னதுதான். ஆனால் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

"நான் மாட்டன்," என்றேன். "நீங்கள்தானே நேந்தனீங்கள். நீங்களே அடியுங்கோ."

"பொம்பிளை நான் அடிச்சா சனம் என்ன கதைக்கும்?"

"என்னைப் பாத்துக் கதைக்க மாட்டினமோ?"

நான் அழத் தொடங்கினேன். பன்னிரண்டு வயதுப் பெடியன் முடிக்காக அழுவது வெட்கம்தான், ஆனால் அழுகை வெட்கத்தைக் கேட்டு வருவதில்லை. அப்பா அன்றைக்கு வீட்டில் நின்றார். அதுவே அதிசயம். ஒரு ஹோட்டல் குசினியில் அவருக்கு வேலை. அவர் வரும்போது நான் நித்திரை, நான் எழும்பும்போது அவர் நித்திரை. அவருடைய குரலை விடக் குறட்டைதான் எனக்குப் பழக்கம்.

"இஞ்ச வா," என்று கூப்பிட்டார். "உனக்கு இப்ப என்ன பிரச்சினை? மொட்டையோ, இல்லாட்டித் தனிய மொட்டையோட போறதோ?"

யோசித்துப் பார்த்தேன். "தனியப் போறதுதான்."

"ஆர் சொன்னது தனிய எண்டு? நானும்தானே அடிக்கிறன். முதல் நான் இருப்பன். நீ பக்கத்தில நிண்டு பார். என்ர மண்டை வடிவா இல்லையெண்டா நீ இருக்க வேண்டாம். பள்ளிக்கூடம் தொடங்கிற அண்டைக்கு நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். ரெண்டு மொட்டை பக்கத்தில பக்கத்தில நடந்து போனா ஆர் சிரிக்கிறது? பயத்தில விலத்தி நிப்பாங்கள்."

"சத்தியமா?"

"சத்தியமா." கையை நீட்டினார். நான் அதில் என் கையை அடித்தேன். சுட்ட இடம் இன்னும் ஆறவில்லை என்பதை மறந்துபோனேன். அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் கையை இழுக்கவில்லை.

அப்பாவின் முடியைப் பற்றிச் சொன்னால்தான் அந்த வாக்கின் பெறுமதி விளங்கும். அடர்ந்த, அலையலையான முடி. முன்னால் ஒரு மேடு கட்டிப் பின்னுக்கு வாரியிருப்பார். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. குப்பை கொட்டப் போனாலும் வாரிக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்ட மனிதர் எனக்காக அதை விடப்போகிறார் என்பது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு ஓகஸ்ட் மாதம் முழுவதும் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு விளையாட்டாகவே போனது. அவர் எழும்பி வரும்போது, "என்ன மொட்டை, சாப்பிட்டியோ?" என்பார். "ஓம் மொட்டை, நீங்கள்?" என்பேன் நான். குளித்துவிட்டு வந்து இரண்டு பேரும் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஈரமுடியைக் கையால் மண்டையோடு அழுத்திப் பார்ப்போம். "உனக்கு என்ர மண்டைதான்ரா, பின்பக்கம் தட்டை," என்று என் பிடரியில் தட்டுவார். வேலைக்குப் போக முதல் என்னோடு கதைப்பதற்காகவே கொஞ்சம் நேரத்தோடு எழும்பவும் தொடங்கினார். முடி போகப்போகிற கவலை என்னை விட்டுப் போய்விட்டது. கடைகளில் 'பள்ளிக்கூடம் தொடங்குகிறது' என்று கொப்பிகளையும் பைகளையும் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. அவரோடு அந்த வாசலில் போய் நிற்பதற்கு நான் நாளெண்ணிக்கொண்டிருந்தேன்.

தேர் ஓகஸ்ட் கடைசியில் வந்தது. ஸ்காபரோவில் எங்கள் பிள்ளையார் கோயில் ஒரு டயர் கடைக்கும் தரைவிரிப்புக் களஞ்சியத்துக்கும் நடுவில் இருந்தது. முன்னர் அதுவும் களஞ்சியம்தான். லொறிகள் பின்பக்கமாக வந்து சாமான் இறக்கிய பெரிய கதவால் இப்போது சுவாமி வெளியே வருவார். தேர் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வரும். கட்டடத்தின் பின்னால் தறப்பாள் கட்டி, மடக்குக் கதிரை ஒன்று போட்டு, பச்சைக் குழாயால் தண்ணீர் விட்டிருந்தார்கள். பிளாசா ஒன்றில் சலூன் வைத்திருந்த ஓர் அண்ணை திருவிழா நாட்களில் அங்கே வந்து மொட்டையடிப்பார்.

அப்பாவும் நானும் வேட்டியோடு போய் நின்றோம். அம்மா அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போயிருந்தார். எங்கள் முறை வந்தபோது முன்பக்கத்தில் மேளம் உச்சத்துக்குப் போனது, அரோகரா என்று சனம் சத்தம் போட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார்.

"தேர் வெளிக்கிடுது. நீ இரு. நான் வடத்தில ஒருக்காக் கை வைச்சிட்டு ஓடியாறன்."

"நீங்கள் முதல் எண்டு சொன்னீங்கள்."

"ஆர் முதல் இருந்தா என்ன? நான் வருமட்டும் தேர் பாத்துக்கொண்டு நிக்குமோ? இரு, இரு. ஆக்கள் நிக்கினம்."

இருந்தேன். தலையில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தது. கத்தி உச்சியில் தொடங்கி முன்னுக்கு இறங்கியது. நான் அவ்வளவு பாடுபட்டு வளர்த்த முன்முடி ஒரே கட்டாக மடியில் விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அடுத்ததாக அதே கதிரையில் அப்பாவின் முன்மேடு விழப்போவதை நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது. குழாய்த் தண்ணீரில் குளிக்க வைத்துச் சந்தனம் பூசிவிட்டார்கள். தலை பாரமில்லாமல் காற்றுப் பட்டுக் கூசியது.

"அப்பா வாறாரோ, அடுத்த ஆளைக் கூப்பிடவோ?" என்று அந்த அண்ணை கேட்டார்.

"வாறார்," என்றேன். ஒரு குழந்தையோடு வந்த குடும்பத்தை மறித்துக்கொண்டு கதிரையின் பிடியில் கை வைத்தபடி நின்றேன். மேளம் கார் நிறுத்துமிடத்தின் மற்ற மூலைக்குப் போய்விட்டது. அவர் திரும்பவும் கேட்டார். "இப்ப வந்திடுவார்," என்றேன். பிறகு அந்தக் குழந்தைக்கு விட்டுக்கொடுத்தேன். குழந்தை வீரிட்டு அழுது முடிந்து, அதற்குப் பின்னால் நின்றவரும் இருந்து எழும்பிப் போனார். எல்லோருக்கும் நான் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்தார். மேலெல்லாம் வேர்வை, நெற்றியில் திருநீறு, தலையில் முடி. என்னைப் பார்த்து, "ஆ, வடிவா இருக்கு," என்றார். பிறகு அந்த அண்ணையின் காதில் ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு கத்தியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். அப்பா கதிரையில் இருக்கவும் இல்லை. நின்றபடியே குனிந்தார். காதுக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு இணுக்கு. முருங்கைக் கொப்பில் கறிக்கு இலை கிள்ளுவது மாதிரி. அதை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார்கள்.

"சரி, முடிஞ்சுது," என்றார் அப்பா.

நான் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். இன்னும் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அதற்குள் அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டார். என் தலையையும் அவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, இதென்ன?"

"பெரியாக்களுக்கு ஒரு இணுக்கு வெட்டினாலே காணுமாம். ஐயர் சொன்னவர்."

"நான் கேக்கேக்க ஒரு இணுக்கு உயிரோ கேட்டனான்?"

"நீர் சும்மா இரும். ஆக்கள் பாக்கினம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அவரைக் குசினியிலிருந்து எடுத்து விருந்து மண்டபத்தில் பரிமாறும் வேலைக்குப் போட்டிருக்கிறார்களாம். கறுப்புக் கோட், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி ரை. செவ்வாய்க்கிழமை தொடக்கம். மொட்டையோடு போய் நின்றால் மனேஜர் என்ன நினைப்பான்? சொல்லிக்கொண்டே வேட்டி மடிப்புக்குள் கையை விட்டுச் சீப்பை எடுத்து, வடம் இழுத்ததில் கலைந்த முடியைப் பின்னுக்கு வாரினார்.

எனக்கு அந்தச் சீப்பைக் கண்டதும்தான் எல்லாம் விளங்கியது. மொட்டையடிக்க வந்த மனிதனுக்குச் சீப்பு எதற்கு? வீட்டில் வேட்டி உடுக்கும்போதே அவருக்குத் தெரியும். கறுப்புக் கோட் ஒன்று பிளாஸ்ரிக் உறையோடு அலுமாரியில் தொங்கியதை நான் முந்தின கிழமையே கண்டிருந்தேன், யாருடையதோ கலியாணத்துக்கு என்று நினைத்தேன். அந்தக் கோட் வந்த பிறகும் அவர் என்னை "மொட்டை, சாப்பிட்டியோ?" என்று கேட்டிருக்கிறார். கண்ணாடிக்கு முன்னால் நின்று மண்டையை அழுத்திப் பார்த்திருக்கிறார். எனக்கு முடி போனது அல்ல கொதி. அந்த மாதம் முழுவதும் பொய்யாகிப் போனதுதான் கொதி. என்னை ஏமாற்றிப் பேய்க்காட்டிப்போட்டார். அவருடைய உயிருக்கு நேர்ந்த நேர்த்தியில் என்னை இருத்திவிட்டு அவர் எழும்பிப் போய்விட்டார்.

பள்ளிக்கூடமும் அதே செவ்வாய்க்கிழமைதான் தொடங்கியது. அம்மா விடியவே தொழிற்சாலைக்குப் போய்விட்டார். முதல் நாள் காலையிலேயே வரச் சொல்லியிருந்ததால் அப்பா கண்ணாடிக்கு முன்னால் ரையோடு போராடிக்கொண்டிருந்தார். "தொப்பியைப் போட்டுக்கொண்டு போ. ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். நான் கதவைச் சாத்தினேன். லிஃப்டில் கண்ணாடியைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

வகுப்புக்குள் தொப்பி போடக் கூடாது என்பது சட்டம். ரீச்சர் கழற்றச் சொன்னார், கழற்றினேன். பின்வரிசையில் சிரிக்கத் தொடங்கிய ஒருவனை ரீச்சர் ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு அவர் என்னருகில் வந்து, தொப்பியைத் தன் கையாலேயே எடுத்துத் தந்து, "நீ விரும்பினால் போட்டுக்கொள்ளலாம்," என்று மெல்லச் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் என்னை ராசா மாதிரி நடத்தினார்கள். ஓட்டத்துக்கு நான் ஓட வேண்டாம், நிழலில் இருக்கலாம். களைத்தால் சொல்லலாம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் பிள்ளை தன்னுடைய பிஸ்கட் முழுவதையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். சிரித்தவன் வந்து மன்னிப்புக் கேட்டான். கேட்டுவிட்டு, "நீ செத்துப்போவாயா?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் புற்றுநோய் என்று நினைத்துவிட்டார்கள். நான் அன்றைக்கே ரீச்சரிடம் போய், இது கோயிலில் மழித்தது, அம்மா கடவுளுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அம்மா உனக்காகக் கடவுளிடம் மன்றாடுகிறார், அப்படித்தானே?" என்றார். இல்லை, அப்பாவுக்காக என்றேன். அப்பாவுக்கும் சுகமில்லையோ என்று கேட்டார். அதற்கு மேல் விளங்கப்படுத்த என் ஆங்கிலம் போதவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அவர் வேலைக்குப் போகிற வழியில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்தார். கறுப்புக் கோட், ரை, எண்ணெய் மினுங்கப் பின்னுக்கு வாரிய முடி, மேற்பையில் சீப்பு. சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்தார். ரீச்சர் என் தோளில் கை வைத்தபடி எனக்குப் பக்கத்தில் நின்றார். அப்பாவுக்கு ஆங்கிலம் துண்டு துண்டாகத்தான் விளங்கும். அதனால் வழக்கம் போல நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

ரீச்சர் மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். இது உங்கள் குடும்பத்துக்குக் கஷ்டமான காலம் என்று தெரியும். உங்கள் மகன் துணிச்சலானவன். நான் ஒன்று சொன்னால் குறை நினைக்காதீர்கள். இப்படியான நேரத்தில் பிள்ளை தனித்துப் போகக் கூடாது என்று சில தகப்பன்மார் தங்கள் தலையையும் மழித்துக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு அது எவ்வளவோ பலம்.

சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார். அந்த மனுஷி தான் என்ன சொல்கிறார் என்று தெரியாமலே சொன்னார். நான் தெரிந்துகொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பிள்ளை மொட்டையோட நிண்டா, தனிய விடக்கூடாது எண்டு இஞ்ச தகப்பன்மாரும் அடிப்பினமாம். நீங்கள் ஏன் அடிக்கேல்லை எண்டு கேக்கிறா."

கடைசியில் உள்ளதை ரீச்சர் கேட்கவில்லை. அப்பா என்னை உற்றுப் பார்த்தார்.

"அதையும் அவவோ கேட்டவ?"

"ஓம்."

அவர் சொல்லக்கூடியவை எத்தனையோ இருந்தன. கோயில் என்று சொல்லியிருக்கலாம். ஒரு காலத்தில் நான் காணாமல் போயிருந்தேன், என்னை மீட்டுத் தரச் சொல்லி என் மனுஷி வேண்டிக்கொண்டாள், அந்தக் கடனை இவன் தீர்த்தான் என்று சொல்லச் சொல்லியிருக்கலாம். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்திருப்பேன். ஆங்கிலம் போதாமல் போனால் கையால் காலால் என்றாலும் விளங்கப்படுத்தியிருப்பேன். அதற்காகவே காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் விருந்து மண்டபத்தில் பழகிய சிரிப்பு ஒன்றை முகத்தில் கொண்டு வந்தார். என்னை விட்டுவிட்டு நேரே ரீச்சரைப் பார்த்தார்.

"நோ சிக், மேடம். நோ சிக்." விரலால் என் தலையைக் காட்டினார். "லைஸ்."

பேன். என் தலையில் பேன் என்று சொன்னார். தன் ஆங்கிலத்தில் இருந்த கொஞ்சச் சொற்களுக்குள் தேடி அதை எடுத்தார்.

ரீச்சர் "ஓ" என்றார். என் தோளிலிருந்த அவருடைய கை போய்விட்டது. கோபத்தில் எடுக்கவில்லை, தன்பாட்டில் போனது. பிறகு அவர் பாவாடையில் அந்தக் கையைத் துடைத்ததை நான் கண்டேன். தெரிவித்ததற்கு நன்றி, நேர்ஸிடம் சொல்கிறேன் என்றார். அப்பா அதற்கும் தாங்க் யூ சொன்னார்.

வெளியே நீண்ட நடைபாதையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அப்பா விறுவிறு என்று நடந்தார், அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் பின்னால் போனேன். வாசல் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று சீப்பை எடுத்தார். இரண்டு தரம் வாரினார். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"குறை நினையாதை. நேர்த்தி, கோயில் எண்டெல்லாம் சொன்னா உவையளுக்கு விளங்காது."

"எனக்கு விளங்கினதுதானே அப்பா," என்றேன். "அதாலதானே கதிரையில இருந்தனான்."

அவர் சீப்பைப் பையில் வைத்தார். திரும்பினார். என் தலையைத் தடவக் கையை நீட்டினார்.

நான் தொப்பியைப் போட்டுக்கொண்டேன்.